பார்க்காத சிலைடு

பூங்கோதைக்குக் கதவு தட்டும் சத்தம் பழக்கமில்லை. பால் பாக்கெட்டைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சிலிண்டர்காரர் கீழே நின்றே குரல் கொடுப்பார். ஓசூரில் இருக்கும் தம்பி பொங்கலுக்குப் போனில் ஒரு கரும்புப் படம் அனுப்புவான். அதுவும் யாரோ அவனுக்கு அனுப்பியதைத் தட்டிவிட்டதுதான். ஆகவே அன்று சாயங்காலம் கதவு தட்டப்பட்டபோது அவள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். சீரியலில் யாரோ யார் வீட்டுக் கதவையோ தட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

சத்தம் நிற்கவில்லை. திறந்தால், வெளியே ஒரு மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். வழுக்கைத் தலை, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, கையில் ஒன்றுமில்லை.

"நான் துரைசிங்கமுங்க. கீழ் வரிசையில இருக்கறேன். அணையில ஷட்டர் ஆபரேட்டர். உங்களுக்குத் தண்ணி வருதுங்களா?"

"வருதுங்க."

"எனக்கு வரலீங்க. அதான் கேட்டுட்டுப் போலாம்னு."

"ஓ," என்றாள் பூங்கோதை. கதவைச் சாத்திவிட்டாள்.

மூன்று மாடி ஏறி வந்த மனிதரை உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீராவது கொடுக்க வேண்டாமா என்றால், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதெல்லாம் நாலு பேர் வந்து போகிற வீட்டில் தானாக வருகிற பழக்கம். பூங்கோதை லேப் டெக்னீஷியன். ஊர் ஊராக மாற்றலில் போய், மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தே ஐம்பத்திரண்டு வயதைக் கரைத்தவள். மனிதர்கள் அவளுக்கு ஒரு துளி ரத்தமாகத்தான் அறிமுகமாவார்கள். ஊசி குத்தியதும் முகத்தைச் சுளித்துவிட்டு, பஞ்சை அழுத்திக்கொண்டு போய்விடுவார்கள். அவள் பெயரை யாரும் கேட்டதில்லை. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்கள் கூட இப்போது ஓய்ந்துவிட்டார்கள்.

மேல்கரை அணைக் குடியிருப்புக்கு அவளை மாற்றியதே அங்கே பரவியிருந்த நோய்க்காகத்தான். டாக்டர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். குடியிருப்பில் எல்லோரும் ஒட்டுவாரொட்டி என்றார்கள். முதலில் நாய்களிடம்தான் தெரிந்தது. தெருவுக்குத் தெரு குரைத்துக் குதறிக்கொண்டிருந்த நாய்கள் எல்லாம் ஒருநாள் ஒரே குவியலாகப் படுக்க ஆரம்பித்தன. அப்புறம் அணில்கள். அப்புறம் மனிதர்கள். ஒரு சாக்கடைக் குழாய்க்காக எட்டு வருஷம் முகம் பார்க்காமல் இருந்த இரண்டு ஓரகத்திகள் ஒரே தட்டில் பிசைந்து சாப்பிட்டார்கள். ஹாஸ்டலுக்குப் போன பிள்ளைகள் பஸ் பிடித்துத் திரும்பி வந்துவிட்டார்கள். சாயங்காலமானால் குடியிருப்பில் சாத்திய கதவே கிடையாது. மேல் பிளாக்கில் மூன்றாவது மாடிக் கதவு ஒன்றைத் தவிர.

"இது நல்ல சீக்காத்தானே தெரியுதுங்க?" என்று ஒருநாள் டாக்டரிடமே கேட்டுவிட்டாள்.

டாக்டர் நஸ்ரின் சின்ன வயது. சென்னைக்காரி. எதைக் கேட்டாலும் சலிக்காமல் சொல்லும் பெண். "மணல் ஈ பாத்திருக்கீங்கல்ல? கொசுவை விடச் சின்னதா, இந்தப் பழைய சுவர் வெடிப்பெல்லாம் இருக்குமே. இந்த ஒட்டுண்ணிக்குப் பாதி வாழ்க்கை அந்த ஈ உடம்புல. மீதிப் பாதி நாயோ, அணிலோ, நாமளோ, பால் குடிச்சு வளந்த ஏதோ ஒரு உடம்புல. ஈயால ரொம்ப தூரம் பறக்க முடியாது. அப்ப ஒரு உடம்புலருந்து இன்னொரு உடம்புக்குப் போகணும்னா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும், இல்லையா?"

"அதுக்காக நம்மளைப் பக்கத்துல உக்கார வைக்குதுங்களா?"

"தனியா இருந்தா பதற வைக்குது. பக்கத்துல ஒரு ஆள் வந்தா அடங்கிடுது. யாரா இருந்தாலும் சரிதான். ஈக்கும் அப்படித்தான். நோய் இல்லாத ஈ தனித்தனியாப் பறக்கும். நோய் வந்த ஈயெல்லாம் சுவத்துல ஒரே அப்பலா அப்பிக்கிட்டு இருக்கும். தனியா இருக்கற கஷ்டம் ஈ தலைக்குள்ளயும் நம்ம தலைக்குள்ளயும் ஒரே ரசாயனம்தான் போல. அந்த ஒரு சுவிட்சைக் கண்டுபிடிச்சு அமுக்கிக்கிட்டு இருக்கு."

"அப்ப கெடுதல் என்னங்க?"

"ஈக்கு ஒண்ணுமில்ல. நமக்கு இதயம் வீங்கும். சத்தமில்லாம, கொஞ்சம் கொஞ்சமா. முதல்ல படி ஏறினா மூச்சு வாங்கும்."

பூங்கோதைக்கு உடனே துரைசிங்கத்தின் ஞாபகம் வந்தது. மூன்று மாடி ஏறி வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர். ஓகோ, அதுதானா சங்கதி என்று அப்போதே அவளுக்குள் ஒரு முடிவு உட்கார்ந்துவிட்டது.

அவர் மறுபடியும் வந்தார். உங்கள் வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அடுத்த தடவை ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டு வந்தார். மரத்தில் நிறைய இருக்கிறதாம், வீணாகப் போகிறதாம். அதன் பிறகு காரணம் எதுவும் கொண்டு வரவில்லை. அவளும் ஒரு நாற்காலியைக் கதவுப் பக்கமாக இழுத்துப் போட்டாள். பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அணையின் ஷட்டர்களை இப்போது கம்ப்யூட்டர்தான் ஏற்றி இறக்குகிறது, ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அந்த ஆள் இவர். "அது வேலை செய்யறதைப் பாக்கறதுதான் எனக்கு வேலைங்க. இத்தனை வருசத்துல அது ஒருக்காக்கூட என்னை எதுவும் கேட்டதில்லை," என்பார். மனைவி இறந்து வெகுநாளாகிவிட்டது. மகள் நார்வேயில்.

ஒருநாள் டீயை ஆற்றிக்கொண்டே, "அன்னிக்கு எனக்குத் தண்ணி வந்துட்டுதான் இருந்துச்சுங்க," என்றார்.

"எப்ப?"

"மொத நாளு. வரலைன்னு சும்மா சொன்னேன்."

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கிளம்பிப் போனதும் அதே சிரிப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தனியாக இருக்க முடியாமல் பதறி, ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு மூன்று மாடி ஏறி வருகிறார் என்றால் அவர் ரத்தத்தில் எவ்வளவு இருக்கும்? அவளுக்கு அப்படித்தான் கணக்குப் போடத் தெரிந்தது. தொழில் புத்தி.

மழைக்காலம் முடிவதற்குள் அவளும் மாறிப்போனாள். டிவியைப் போடுவதில்லை. சாயங்காலமானால் படியில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காது தானாக நீண்டது. கதவைத் திறந்தே வைத்தாள். அவர் டியூட்டி மாறி வராமல் போகிற நாட்களில் மார்புக்குள் யாரோ துணியைப் பிழிவது மாதிரி இருந்தது. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். ஒருநாள் லேபில் யாரும் இல்லாதபோது தன் விரலையே குத்தி, சிலைடில் தடவிப் பார்த்தாள். சிவப்பணுக்களுக்கு நடுவே ஒட்டுண்ணிகள், வெட்டிப் போட்ட நகம் போல, வளைந்து வளைந்து கிடந்தன. எந்த ஈ எந்தச் சுவரிலிருந்து வந்து கடித்ததோ. பயம் வரவில்லை. இந்த வயதில் ஒன்று கிடைத்தது, அதுவும் தன்னுடையது இல்லையா என்று துக்கம்தான் வந்தது.

பொங்கலுக்கு முன்னால் மருந்து வந்து சேர்ந்தது. குடியிருப்பில் எல்லோருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும், இருக்கிறவர்களுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. மருந்து நல்ல மருந்து. வேலை செய்தது. ஓரகத்திகளின் தட்டு இரண்டானது. பழைய குழாய் ஞாபகத்துக்கு வந்தது. பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனார்கள். நாய்களுக்கும் சோற்றில் கலந்து வைத்தார்கள்; குவியல் கலைந்து மறுபடியும் குரைக்க ஆரம்பித்தன. கீழ் வரிசையில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொள்வதை பூங்கோதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு கிழவர் மாத்திரையை டாக்டரின் மேஜையில் திருப்பி வைத்தார். "நெஞ்சு வீங்கறப்ப வீங்கட்டும் தாயி. மருமக இப்பத்தான் எங்கிட்ட வந்து உக்காந்து பேசறா."

நஸ்ரின் அந்த மாத்திரையை எடுத்து டிராயரில் வைத்தாள். அவர் போன பிறகு பூங்கோதையிடம் சொன்னாள். "ஒட்டுண்ணிக்குத்தாங்க எங்கிட்ட மருந்து இருக்கு. அது வர்றதுக்கு முன்னாடி அவருக்கு இருந்ததே, அதுக்கு இல்ல."

துரைசிங்கத்தின் விரலைக் குத்தியதும் பூங்கோதைதான். "வலிக்குதுங்களா?" என்று கேட்டாள். ஆயிரக்கணக்கான விரல்களைக் குத்தியிருக்கிறாள், யாரையும் அப்படிக் கேட்டதில்லை. அவர் இல்லை என்று தலையாட்டினார். பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு அவள் செய்ததை அவள் வாயாலேயே நியாயப்படுத்த முடியாது. தன் சிலைடைப் பார்த்தாள். இருந்தது. இல்லை என்று பதிந்தாள். அவருடைய சிலைடை எடுத்து, சாயம் போட்டு, காய வைத்து, மைக்ரோஸ்கோப்பின் மேடை வரை கொண்டு போனாள். கண்ணை வைக்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்த பின் மறைத்தால் அது பாவம்; பார்க்காமல் எழுதினால் வெறும் அசட்டை என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். அவருக்கும் இல்லை என்று பதிந்துவிட்டு, சிலைடைப் பெட்டியில் சொருகினாள்.

இத்தனைக்கும் விதி அவளுக்குத் தெரியும். இல்லை என்று பதிகிற சிலைடுகளில் சிலவற்றை எடுத்து ஜில்லா லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே வேறொருவர் முதலிலிருந்து பார்த்து, சரியா தவறா என்று சொல்வார். அவள் எழுதியது இதுவரை ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயரின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு அவள் சும்மா இருந்தாள்.

சும்மா இருக்க முடிந்ததா என்றால், இல்லை. துரைசிங்கம் தினமும் வந்தார். ஊரே கதவைச் சாத்திக்கொண்ட பிறகும் வந்தார். ஒவ்வொரு நாளும் முதலில் அவர் மூச்சுதான் உள்ளே வரும், அப்புறம் அவர். அந்த மூச்சு அவளை அறுத்தது. இந்த மனிதரின் இதயத்தை நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறேன், எதற்காக, ஒரு டம்ளர் டீயை எதிரில் ஒருவர் குடிக்க வேண்டும் என்பதற்காக. ஒருநாள் அவர் வாசலில் அப்படியே குனிந்து, முழங்காலில் கை ஊன்றி நின்றுவிட்டார். நிமிர நேரமாயிற்று. "ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க," என்று சிரித்தார்.

பூங்கோதை மறுநாள் காலையில் நேராக டாக்டரின் அறைக்குப் போனாள். நாற்காலியில் உட்காரவில்லை.

"நான் ரெண்டு சிலைடைத் தப்பாப் பதிஞ்சிருக்கறேன் டாக்டர். என்னோடது ஒண்ணு. துரைசிங்கம் சாரோடது ஒண்ணு. அவருக்கு உடனே மாத்திரை குடுங்க. என்னை என்ன வேணாலும் பண்ணிக்குங்க."

நஸ்ரின் அவளையே பார்த்தாள். கோபம் இருந்தது போலத்தான் தெரிந்தது. "ஜில்லா லேப்லருந்து முந்தாநாளே போன் வந்துருச்சு. உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன். ஆனா ரெண்டு இல்லீங்க. தப்பு ஒண்ணுதான்."

"அவங்க சரியாப் பாக்கலை."

"ரெண்டு பேரோடதும் அதே பெட்டியிலதான் போச்சு. உங்களோடது தப்புன்னு வந்ததும் நானே சொல்லி, அவரோடதை இன்னொரு தடவை பாக்கச் சொன்னேன். சுத்தமா இருக்கு. அவருக்கு எப்பவுமே வந்ததில்ல."

"மூச்சு வாங்குதுங்களே அவருக்கு."

"அவருக்கு அம்பத்தெட்டு வயசு. உங்க வீடு மூணாவது மாடி. தினமும் ஏறினா யாருக்குத்தான் வாங்காது?" நஸ்ரின் மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். "விளக்கம் கேட்டு மெமோ வரும், அதை நீங்க வாங்கிக்கத்தான் வேணும். மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிங்க. சாப்பாட்டோட."

பூங்கோதை லேபுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அன்றைக்கு வந்த சிலைடுகள் அப்படியே கிடந்தன. சீக்கு இல்லாமல் ஒரு ஆள் தன்னைத் தேடி மூன்று மாடி ஏறி வரக்கூடும் என்பது அவளுடைய எந்தக் கணக்கிலும் இருந்ததில்லை. இருந்திருந்தால் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், கண்ணை வைத்துப் பார்த்திருப்பாள்.

அன்று சாயங்காலம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சிலைடைப் பார்க்காமல் பதிந்ததை, மாத்திரை போய்ச் சேராமல் தடுக்க நினைத்ததை, ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. துரைசிங்கம் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்க நெஞ்சு வீங்கிப் போயிருந்தா நான்தாங்க காரணமாயிருப்பேன். திட்டுங்க."

"வீங்கலைல்லீங்க. அதுல எனக்குக் கோவமில்லை." கொஞ்ச நேரம் வழுக்கையைத் தடவிக்கொண்டிருந்தார். "சீக்கு இல்லாம ஒருத்தன் வருவான்னே நீங்க நினைக்கலை பாருங்க. அதுலதான் கோவம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப நீங்க கதவைத் தொறந்து வெச்சுட்டு எனக்காக உக்காந்திருந்தீங்களே," என்று மெதுவாகக் கேட்டார். "அது நீங்க இல்லீங்களா?"

"தெரியலீங்க. பக்கத்துல யாரு இருந்தாலும் அது அடங்கும்னு டாக்டர் சொன்னாங்க."

"மாத்திரை சாப்பிட்டா என்னை யாருன்னு தெரியுமுங்களா?"

"தெரியும். வேணுமா வேண்டாமான்னுதான் தெரியாது."

துரைசிங்கம் எழுந்துகொண்டார். போய்விடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவளுக்கு மார்பு பிழிய ஆரம்பித்துவிட்டது. அவரோ அடுப்படிக்குள் போய் ஒரு தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றி எடுத்து வந்து, பக்கத்தில் மாத்திரை அட்டையை வைத்தார். "சாப்பாட்டோடன்னு சொன்னாங்கல்ல. சாப்பிடுங்க."

அந்த வாரமும் அடுத்த வாரமும் தினமும் அவரேதான் வந்து மாத்திரை கொடுத்தார். அவள் முன்பே சாப்பிட்டுவிட்டேன் என்று ஏமாற்றப் பார்த்த அன்று, அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்து, ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்தார். தன்னை அவளிடமிருந்து அழிக்கிற மருந்தை ஒரு மனிதர் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் விழுங்கும் வரை வேறு பக்கம் பார்ப்பார். அட்டை காலியான அன்று வாசலில் நின்று செருப்பை மாட்டினார்.

"இனி நான் வந்து தட்ட மாட்டேனுங்க. நான் தட்டினா நீங்க மரியாதைக்காவது தொறந்துருவீங்க. அது எனக்கு வேண்டாம்."

மருந்து நல்ல மருந்து என்று முன்பே சொன்னேன். பூங்கோதையின் கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது. சாயங்காலங்களில் காது எங்கேயும் நீளவில்லை. டிவி ஓடியது. மார்பில் பிழிவதற்கு ஒன்றுமில்லை; வெறும் அமைதி, முப்பது வருஷமாகப் பழகிய அமைதி. தன் ரத்தத்தை மறுபடியும் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. ஒரு சிலைடைத் தேடுவது போலத் தனக்குள்ளேயும் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தேடிப் பார்த்தாள். துரைசிங்கம் என்றால் வழுக்கை, அரைக்கைச் சட்டை, சொன்ன கதையையே சொல்கிற வாய். அவ்வளவுதான் கிடைத்தது. ஏக்கம் என்று எதுவும் தென்படவில்லை.

வேண்டாம் என்றும் எதுவும் தென்படவில்லை. அதுதான் அவளைக் குழப்பியது. ஏக்கம் பிடித்துத் தள்ளினால் போவது சுலபம். பிடித்துத் தள்ள ஆளில்லாமல், தானாக எழுந்து ஒருவர் வீட்டுக்குப் போவது எப்படி? அவர் எப்படித்தான் அந்த முதல் நாள் வந்தாரோ. அவர் ரத்தத்திலும் ஒன்றும் இருக்கவில்லையே.

தை கடைசியில் ஒருநாள், வெயில் தாழ்ந்த நேரத்தில், அவள் டிவியை அணைத்தாள். சேலையைச் சரி செய்துகொண்டு மூன்று மாடி இறங்கினாள். கீழ் வரிசையில் எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தன. வழியில் ஒரு நாய் தனியாகப் படுத்தபடி அவளைப் பார்த்துக் குரைத்தது. துரைசிங்கத்தின் வீட்டு முருங்கை வேலிக்கு மேல் சாய்ந்திருந்தது. வாசலில் நின்றவளுக்கு, எவ்வளவு ஓங்கித் தட்ட வேண்டும் என்று தெரியவில்லை. ஒருவர் வீட்டுக் கதவை அவள் தட்டி எத்தனையோ வருஷமாகிறது. முதல் தட்டு அவளுக்கே கேட்கவில்லை. இரண்டாவது தேவைக்கு மேலேயே கேட்டது.

கதவு திறந்தது. அவர் இடுப்பில் துண்டோடு, கையெல்லாம் சோப்பு நுரையோடு நின்றார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பார். அவளைப் பார்த்துத் திகைத்தார்.

பூங்கோதையின் நெஞ்சு எப்போதும் போலத்தான் அடித்துக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டும் என்று படியிறங்கும்போது யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. தெரிந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்.

"உங்களுக்குத் தண்ணி வருதுங்களா?"

அடுப்படியில் குழாய் திறந்தபடியே இருந்தது. தண்ணீர் பாத்திரங்களின் மேல் விழுந்து ஓடுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

"இல்லீங்க, வரலை," என்றார் துரைசிங்கம். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி வழி விட்டார். "உள்ள வந்து உக்காருங்க. வந்ததும் சொல்றேன்."